நான்கு வீட்டு ராஜ்யம்

ஊர் ஊராக அம்மை குத்தும் உத்தியோகத்தில் போன இடத்தில் அவரைச் சந்தித்தேன். முன்பல் விழுந்த, நெடிய மனிதர். கீரனூருக்கு அப்பால், சமஸ்தானத்து எல்லைக்கல்லுக்கும் வெள்ளைக்காரன் எல்லைக்கல்லுக்கும் நடுவே யாரும் கேட்காத பொட்டல் ஒன்று கிடந்தது. அங்கே குடியிருந்த நான்கு குடும்பங்கள் அதைத் தனி ராஜ்யம் என்று அறிவித்திருந்தன. அவர்களில் ஒருவரான இவர், கல்லைத் தாண்டி உள்ளே வந்ததும் இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொள்வார். வெளியே அப்படிப் போனால் பண்ணையாரிடம் உதை விழும்.

"ராஜா யாருங்க?" என்றேன்.

"இந்த மாசம் எம் பொண்டாட்டிங்க. மாசத்துக்கு ஒருத்தர். ராஜாதான் நாலு வீட்டுக்கும் தண்ணி எறைக்கணும். அதனால போட்டியே இல்லீங்க."

"சட்டம்?"

"இங்க யாருக்காகவும் துண்டை எறக்கக் கூடாது. மத்ததை அமாவாசைச் சபையில பேசிக்கிடுவோம்."

என்னை வழியனுப்பச் சாலைவரை வந்தார். எதிரே பண்ணையார் வண்டி. என்னோடு வந்தவரின் கை தோளுக்குப் போனது. துண்டை இழுத்து, இன்னும் நன்றாகப் போட்டுக்கொண்டார். பண்ணையார் முறைத்தார், வண்டி நிற்காமல் போய்விட்டது.

"கல்லைத் தாண்டிட்டீங்களே!" என்றேன் பதறி.

"போன சபையில எல்லையை ரோடு வரைக்கும் தள்ளி வச்சுட்டோம்ங்க."

இன்றும் எந்த ஊர்ச் சாலையிலாவது தோளில் துண்டோடு ஒருவர் நிமிர்ந்து வந்தால், எல்லை இங்கேயும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.