‘ஆ’ என்றால் வா, ‘கா’ என்றால் சாப்பிடு

போன ஞாயிற்றுக்கிழமை காலை. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் சூலூர்ப்பேட்டை வண்டிக்காக நின்றிருந்தேன். வண்டி வந்ததும், மீஞ்சூரிலேயே ஏறியிருந்த சுசாந்த் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக் கூப்பிட்டான்.

புதுச் சட்டை. கடையில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை. தலையைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தான். ஷேவ் பண்ணின இடத்தில் ஒரு சின்ன வெட்டு. எதிர் சீட்டு அம்மா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார் — “பொண்ணு பாக்கப் போறீங்களாம்மா?”

இல்லை என்று மட்டும் சொன்னேன். நாய் பார்க்கப் போகிறோம் என்று சொல்லியிருந்தால், எளாவூர் தாண்டும் வரை விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் ஞாயிற்றுக்கிழமைகள் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி... நான் தமிழ் டீச்சர். லீவு நாட்களில் நானும் என் தோழி ஸ்டெல்லாவும் தொழிற்பேட்டை ரோடுகளில் அடிபட்டுக் கிடக்கிற, விட்டுவிட்டுப் போன நாய்களைத் தூக்கி வந்து, வைத்தியம் பார்த்து, வளர்க்க ஆள் தேடிக் கொடுக்கிறோம். ஸ்டெல்லா நர்ஸ். எங்களுக்கு ஷெல்ட்டர் எல்லாம் கிடையாது. என் வீட்டுப் பின்கட்டும், ஸ்டெல்லாவின் மொட்டை மாடியும்தான். அதனால் ஒரு நாய் போனால்தான் இன்னொரு நாய்க்கு இடம்.

சுசாந்த் ஒடிசாக்காரன். முப்பத்தைந்து வயது இருக்கும். ஊரில் மனைவி, ஒரு பெண் குழந்தை. ஆறு வருஷம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவன். தமிழை டீக்கடையில் கற்றுக்கொண்டவன். அதனால் அவன் தமிழ் அசல் நம்ம ஊர்த் தமிழ். “இன்னாக்கா” என்றுதான் ஆரம்பிப்பான்.

பொங்கல் முடிந்த வாரம் என் வீட்டு கேட்டில் வந்து நின்றான். கையில் நைலான் கயிறு. கயிற்றின் மறுமுனையில் தேன் நிறத்தில் ஒரு பெண் நாய்.

“இன்னாக்கா, நீதான் நாய் டீச்சரா? கம்பெனில எங்க செட்டையே வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. சாயங்காலம் ஊருக்கு வண்டி. இவ பேரு சோனா. சோனான்னா தங்கம்.”

அவன் தங்கியிருந்த லைன் ரூம் பின்னால் குட்டியாக இருந்தபோதே எடுத்து வளர்த்திருக்கிறான். மூன்று வருஷம். ரயிலில் கூட்டிப்போகலாமா என்று ஸ்டேஷனில் கேட்டுப் பார்த்திருக்கிறான். அதற்கு என்னென்னவோ பேப்பர் வேண்டும், முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும் என்றிருக்கிறார்கள். அவனுக்கு நேரமில்லை.

“ரெண்டு மாசம்க்கா. வேற எடத்துல வேலை பாத்துக்கினு வந்துருவேன். வந்து இட்டுக்கினு போறேன்.”

சரி என்றேன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் ‘சரி’யில் நேர்மை இல்லை. எத்தனையோ பேர் இதே கேட்டில் நின்று இதே மாதிரி சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வந்தவர் ஒருவர்கூட இல்லை. வராவிட்டால் வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன் என்று அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். ரயிலுக்குப் போகிறவன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

அவன் போன பிறகு சோனா சாப்பிடவில்லை. ஒரு நாள், இரண்டு நாள்... சோறு, பால், கறி, எதையும் தொடவில்லை. கேட்டைப் பார்த்தே படுத்திருந்தது. “வா” என்றால் காது அசையாது. “சாப்பிடு” என்றால் திரும்பிப் பார்க்காது. நான்காம் நாள் எழுந்து நிற்கவே கால் நடுங்கியது. ஸ்டெல்லா தோலுக்கடியில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இது தாங்காதுடி. அந்தாளுக்கு ஒரு போனைப் போடு.”

வீடியோ காலில் வந்தான். பின்னால் மண் சுவர், ஒரு தென்னை மரம். விஷயத்தைச் சொன்னேன். கேட்டதும், “போனைத் தட்டு பக்கத்துல வைக்கா” என்றான்.

வைத்தேன். “சோனா” என்று கூப்பிட்டு, “கா... கா” என்றான்.

நாய் தடுமாறி எழுந்தது. போனை முகர்ந்தது. போனுக்குப் பின்னால் போய்ப் பார்த்தது. அங்கே அவன் இல்லை. திரும்பி வந்து, குரல் வந்த பக்கம் ஒரு காதை வைத்துக்கொண்டே சாப்பிட ஆரம்பித்தது. தட்டு காலியாகும் வரை அவனும் நிறுத்தவில்லை.

ஒடியாவில் ‘ஆ’ என்றால் வா. ‘கா’ என்றால் சாப்பிடு. அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷமாகத் தமிழ் சொல்லிக் கொடுப்பவள், ஒரு நாய்க்காக இரண்டு ஒடியா வார்த்தை கற்றுக்கொண்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பதினொரு மணிக்கு அவன் போன் வரும். என்னிடம் இரண்டு வார்த்தை. சோனாவிடம் பத்து நிமிஷம். என்னதான் பேசுவானோ... வேலை கிடைக்காததையா, மழை வராததையா? அது தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்கும். இரண்டு மாசம் நான்கு மாசமானது. அப்புறம் ஒரு ஞாயிறு போன் வரவில்லை. நான் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும்.

போன் சார்ஜ் போடும் மேஜைக்குக் கீழே சோனா வந்து உட்காரும். பதினொன்றரை வரை பார்க்கும். பிறகு எழுந்து பின்கட்டுக்குப் போய்விடும்.

ஒன்றரை மாசம் பொறுத்தேன். பின்கட்டில் இடுப்பு உடைந்த நாய் ஒன்று வேறு வந்து சேர்ந்திருந்தது. இனி இவன் வரமாட்டான் என்று நானே முடிவு கட்டினேன். ஆடி மாசம் சோனாவை ஆரம்பாக்கத்தில் செல்வியிடம் கொடுத்தோம்.

செல்விக்கு நாற்பத்தைந்து வயது. தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை. வீட்டுக்காரருக்கு வயல். ஒரே பெண் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். “அவரு எந்நேரமும் வயல்லயே கெடப்பாரு டீச்சர். வேலை விட்டு வந்தா ஊட்ல பேச ஆளில்ல” என்றாள். நாய் கேட்பவர்கள் பெரும்பாலும் காவலுக்குத்தான் கேட்பார்கள். பேச்சுத் துணைக்குக் கேட்ட முதல் ஆள் செல்வி. அதனாலேயே கொடுத்தேன். ‘ஆ’, ‘கா’ இரண்டையும் ஒரு பேப்பரில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் முன்பு, ஏதோ புது நம்பரிலிருந்து போன்.

“இன்னாக்கா, நான்தான் சுசாந்த். வந்துட்டேன். மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளில வேலை. ஞாயித்துக்கெழம வந்து சோனாவை இட்டுக்கினு போறேன்.”

எங்கேப்பா இருந்தாய் இத்தனை நாள் என்றேன்.

“அப்பா தவறிட்டாருக்கா. அந்த நேரத்துல போன் கெணத்துல விழுந்துச்சு. எல்லா நம்பரும் அதோட போச்சு. இப்ப பழைய கம்பெனி டீக்கடை அண்ணன்கிட்ட வந்து உன் நம்பர் வாங்கினேன்.”

சொன்னேன். வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டதை, ஏன் கொடுத்தேன் என்பதை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நல்லா இருக்காளா?” என்று கேட்டான்.

“நல்லா இருக்கா.”

“நான் பாக்கலாமா?”

அடுத்து செல்விக்குச் சொல்ல வேண்டும். போன் பண்ணிச் சொன்னேன். “இட்டுக்கினு போய்டுவாரா டீச்சர்?” என்றாள்.

தெரியவில்லை என்றேன்.

“நீங்க இன்னா சொல்றீங்க?”

ஊருக்கெல்லாம் ஆலோசனை எழுதுகிறேன். செல்வியிடம், நீயே சொல்லும்மா என்றேன். கடைசியில் அவளே, “இட்டுனு வாங்க. மொதல்ல பாக்கட்டும்” என்றாள்.

அப்படித்தான் நாங்கள் அந்த வண்டியில் போனோம். ஆரம்பாக்கத்தில் இறங்கி, நடவு முடிந்த வயல்களுக்கு நடுவே நடந்தோம். செல்வி வீடு கண்ணுக்குத் தெரிந்ததும் சுசாந்த் நின்றுவிட்டான். வாசலில் முருங்கை நிழலில் சோனா படுத்திருந்தது.

“என்னை மறந்திருப்பாக்கா.”

“கூப்பிட்டுத்தான் பாரேன்.”

அவன் சத்தமாகக் கூப்பிடவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில், “ஆ” என்றான்.

ஓடி வந்தது. ஓட்டம் என்றா சொல்வது? ஊளையும் அழுகையுமாக ஒரு சத்தம்... வழியிலேயே மூத்திரம் விட்டுக்கொண்டு, அவன் மேல் பாய்ந்து, விழுந்து, எழுந்து, அவனைச் சுற்றிச் சுற்றி. அவன் புதுச் சட்டையோடு சேற்றில் உட்கார்ந்துவிட்டான். முகத்தை அதன் கழுத்தில் புதைத்துக்கொண்டான். நான் வயல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செல்வி வாசலில் நின்றிருந்தாள். ஈரக் கையைத் துடைத்தவள், துடைத்துக்கொண்டே இருந்தாள். சோனா திடீரென்று அவனை விட்டு அவளிடம் ஓடியது. அவள் புடவை முந்தியைக் கவ்வி இழுத்தது. நாலடி இழுத்து வந்து விட்டுவிட்டு, மறுபடி அவனிடம் ஓடியது. இரண்டு பேரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும் என்று அதற்கு ஒரு அவசரம்.

செல்வி மீன் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட உட்கார்ந்தோம். காட்டுப்பள்ளி கேம்ப் எப்படி என்று கேட்டேன். “தகர ரூம்க்கா. ஒரு ரூமுக்கு எட்டு பேர். நாய் வெக்கக் கூடாதுன்றாங்க. பின்னாடி எங்கனா கட்டி வெக்கலாம்” என்றான். சொன்னபோது அவன் கண் சோனாவின் தண்ணீர்த் தொட்டியில், கூரைக்குக் கீழே விரித்திருந்த சாக்கில் இருந்தது.

அப்புறம் செல்வியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டான்.

“மழைன்னா எங்க படுப்பா?”

“உள்ளதான். கட்டிலுக்குக் கீழ.”

“இடி இடிச்சா பயப்படுவா.”

“தெரியும் தம்பி. நான் பக்கத்துல ஒக்காந்து பேசிக்கினே இருப்பேன்.”

“சாப்பிட ‘கா’ சொல்லணும்.”

செல்வி தயங்கினாள். “மொதல்ல சொன்னேன். இப்ப வேணாம். தட்டு சத்தம் கேட்டாலே வந்துடறா.”

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாயில் வைக்கவில்லை.

நான்கு மணி வண்டிக்குக் கிளம்பினோம். செல்வி உள்ளே போய்ச் சங்கிலியை எடுத்து வந்தாள். அவன் பக்கத்தில் வைத்தாள். அந்த ஒரு நிமிஷம்... மூன்று பேரும் சங்கிலியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“சும்மா பாக்கத்தான் வந்தேன்க்கா” என்றான் அவளிடம். பையிலிருந்து ஒரு சிவப்பு காலரை எடுத்துச் சோனாவின் கழுத்தில் மாட்டினான். சங்கிலியை எடுத்துச் செல்வியிடமே கொடுத்தான்.

பாதி வழி வரை சோனா கூட வந்தது. வயல் வரப்பு முடிந்து ரோடு தொடங்குகிற இடத்தில் அவன் நின்றான். அதுவும் நின்றது. அவனைப் பார்த்தது. திரும்பி வீட்டைப் பார்த்தது. செல்வி வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் கூப்பிடவில்லை. தான் கூப்பிட்டு அது ஓடி வந்தால் அவன் மனசு கஷ்டப்படும் என்று வாயை மூடிக்கொண்டதாகப் பிறகு என்னிடம் சொன்னாள்.

“திரும்பிப் போகச் சொல்லு சுசாந்த். வண்டி வந்துடும்.”

“எப்படிக்கா சொல்றது? வா, சாப்பிடு... இது ரெண்டும்தான் கத்துக் குடுத்தேன். போன்னு ஒருநாளும் சொன்னதில்ல.”

செல்வி தினமும் காலையில் கம்பெனி வேன் ஏறும்போது ‘உள்ள போ’ என்பாள், அது அதற்குத் தெரியும் என்றேன். அவன் உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான். குனிந்து அதன் தலையில் கை வைத்தான்.

“சோனா. உள்ள போ.”

போனது. ஓடவில்லை, நடந்துதான் போனது. நான்கு தடவை திரும்பிப் பார்த்தது. நான்கு தடவையும் அவன் அங்கேயே நின்றிருந்தான்.

நாய்க்கு நல்ல வீடு கிடைத்துவிட்டால் கதை முடிந்தது என்றுதான் நான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். போட்டோ எடுத்துப் போடுவோம், ஆளாளுக்கு ஹார்ட் விடுவார்கள், அடுத்த நாயைப் பார்க்கப் போய்விடுவோம். அந்த நாய்க்கு முன்னால் சோறு போட்ட கை ஒன்று எங்கேயோ இருக்குமே... அது என்ன செய்துகொண்டிருக்கும் என்று யோசித்ததே இல்லை. ஆலைகளுக்கு ஆள் வருகிறது, போகிறது. ஆள் மட்டுமா வருகிறது?

நேற்று முன்தினம் செல்வி போன் பண்ணினாள். “ஞாயித்துக்கெழம அந்தத் தம்பி வருவாரா டீச்சர்? சும்மாதான் கேட்டேன். வர்றதா இருந்தா மீன் சொல்லி வெக்கணும்.”

சுசாந்திடம் கேட்டேன். யோசித்துத்தான் பதில் சொன்னான். “வாரா வாரம் போனா சோனாவுக்குக் கொழப்பம் ஆயிடும்க்கா. அந்த ஊட்லயே அவ மனசு நிக்கணும். மாசத்துக்கு ஒருவாட்டி போதும்.”

எவ்வளவு பக்குவம் என்று வியந்துகொண்டிருந்தேன். போனை வைப்பதற்கு முன்னால் கேட்டான் —

“இந்த மாசம் முப்பதாக்கா, முப்பத்தொண்ணா?”