மூண்டு செக்கனில் முடிவு

போக்கீஸ் எண்டுற சூதாட்ட மெசின் ஹோலில் வேலைக்குச் சேருற எங்களுக்கு முதல் நாள் சிரிக்கப் படிப்பிப்பினம். அழுகையை அடக்க ஆரும் படிப்பிக்கிறேல்லை. டார்னெய்ட் எண்டுற ஊர்ப் பக்கம் ஒரு கிளப்பில ஆறு வருசமாய் மாயிறன். இதே வேலையில கிடந்து உழலுற உங்களுக்கு நான் சொல்லியே விளங்கவேணும்! நாள் தவறாமல் ஆட வாற ஒரு யூட் அண்ணை எல்லாருக்கும் இருப்பார். என்ர ஆளுக்கு ஊர் மன்னார், அகதியாய் வள்ளத்தில வந்தவர். மனிசியையும் மகளையும் இஞ்ச கூப்பிட எண்டு காசு சேர்த்துக்கொண்டிருந்தவர்.

கைபிடி

மெசினில ஏன் செரிப்பழமும் எலுமிச்சையும் கிடக்கு எண்டு ஒருநாள் கேட்டார். அந்தக் காலத்தில காசுக்குப் பதிலாய்ப் பழ ருசியில சூயிங்கம் விழுமாம், பக்கத்தில இரும்புக் கைபிடி இருக்குமாம், ஒவ்வொரு தரமும் இழுக்கவேணுமாம் எண்டன். இப்ப பட்டனைத் தட்டினால் சரி.

அண்ணை தன்ர விரலைப் பார்த்தார். "கைபிடி இருந்திருந்தால், கை உளைஞ்சாவது வீட்டை போயிருப்பன் தம்பி."

பாட்டு

ஒரு டொலர் போட்டு இருபது சதம் வந்தாலும் சனியன் கலியாணவீடு மாதிரிப் பாடும். "அண்ணை, தோத்ததுக்குத்தான் பாடுது" எண்டு காதுக்குள்ள சொன்னன். மனேச்சர் கேட்டிருந்தால் என்ர வேலை போயிருக்கும். உதில என்ன கண்டியள் எண்டு எரிஞ்சும் விழுந்தன்.

அவர் கோவிக்கேல்லை. "என்ர அகதிக் கேசுக்குப் பன்னிரண்டு வருசமாய் முடிவில்லை. இது மூண்டு செக்கனில ஓமோ இல்லையோ எண்டு சொல்லுதடா."

கையெழுத்து

தன்னை உள்ளுக்கு விடவேண்டாம் எண்டு ஆளே எழுதிக் குடுக்கிற ஃபோம் ஒண்டு இருக்கு. படமும் குடுக்கவேணும். ஒரு கிழமை கெஞ்சி அவரை இருத்தினன். பேர், விலாசம் எல்லாம் எழுதினார். கையெழுத்துக்கு வர, பேனை நிண்டுட்டுது. பிறகு ஃபோமைத் துண்டு துண்டாய்க் கிழிச்சுத் தன்ர பொக்கற்றுக்குள்ளயே வைச்சார். இது இமிக்கிறேசனுக்குப் போகாது, சத்தியமாய்ப் போகாது எண்டு தலையில அடிச்சுச் சொல்லியும் கேக்கேல்லை.

"இமிக்கிறேசன் இதைப் பார்த்தால் என்னைக் கூடாத ஆள் எண்டு எழுதிப்போடும் தம்பி. விசா வரட்டும்."

ஈமெயில்

போன செவ்வாய் காலமை, கதவு திறக்க முதலே வாசலில நிண்டார். போனை நீட்டினார். விசா வந்திட்டுது! எனக்குக் கண் கலங்கிப்போச்சு, கட்டிப்பிடிச்சன். அவர் சிரிக்கேல்லை. போய்த் தன்ர மெசினுக்கு முன்னால இருந்தார். போன் அடிச்சுக்கொண்டே கிடந்தது. மன்னாரிலயிருந்து மனிசி. எடுக்கேல்லை.

"எப்பயப்பா கூப்பிடுவீங்கள் எண்டு மகள் கேக்கிறாள். சேர்த்ததெல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளதானே கிடக்கு, அதைத் திருப்பி வெண்டு எடுத்துப்போட்டுச் சொல்லுறன்."

எங்கட தொழில் என்னெண்டு ஆரும் கேட்டால், காத்திருக்கிற சனத்துக்குக் கதிரை போட்டுக் குடுத்துச் சம்பளம் வாங்கிறது எண்டு சொல்லுங்கோ.