பெரிய சில்லு

அண்ணன் வாங்கி வந்த சக்கர நாற்காலியை முன்வாசலில் இறக்கியபோது, ஒரு பார்வையிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான்கு சக்கரமும் சின்னச் சில்லுகள். பின்னால் ஒருவர் நின்று தள்ளினால்தான் அது நகரும். சீனி வருத்தத்தால், நீரிழிவு முற்றி, அத்தையின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். கைகள் இரண்டும் நல்ல பலமாகத்தான் இருந்தன.

அத்தை எங்கள் அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவமாதாக இருந்தவர். மழையிலும் அட்டைக்கடியிலும் மலையேறி, தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ப் பிரசவம் பார்த்தவர். யாராவது கூட்டிப்போகட்டும் என்று அவர் காத்திருந்ததே இல்லை. ஓய்வுபெற்ற பிறகுதான் கட்டுகஸ்தோட்டையில் என் அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தார்.

"பெரிய சில்லு வச்சது கடையில இல்லையாண்ணே?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. அதை எடுத்தா இவங்க பாட்டுக்கு ரோட்டுக்குப் போயிருவாங்க. விழுந்தா யாரு பார்க்கிறது?" என்றார் அண்ணன்.

அண்ணி அதைவிட வெளிப்படையாகப் பேசினார். "வாசலுக்கு உருட்டிக்கிட்டு வந்து, போறவங்க வாறவங்ககிட்ட எல்லாம் வீட்டுக் கதை பேசுவாங்க."

அத்தை பக்கத்திலேயே இருந்தார். காதும் நன்றாகக் கேட்கும்.

அதன் பிறகு அவரை எங்கே வைத்தார்களோ அங்கே இருந்தார். விருந்தாட்கள் வந்தால் பின்னறைக்குத் தள்ளிவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, குசினியில் அடுப்படிச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சேலை நனைந்திருந்தது. அண்ணி வெளியே நின்று போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். "கூப்பிட்டேன் புள்ள. வாறேன்னாங்க" என்று மட்டும் அத்தை சொன்னார். எத்தனையோ பெண்களின் மானத்தைத் தன் கையால் மூடிக் காத்த மனுஷியை அப்படி உட்கார வைத்திருந்தார்கள். அத்தை போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

அந்த வாரமே வேலைக்கு லீவு போட்டு, அவரை ஆட்டோவில் ஏற்றிக் கண்டி டவுனுக்குக் கூட்டிப்போனேன். புறப்படுமுன் என்னை அனுப்பிக் குளியலறை வாசலின் அகலத்தை ஒரு நூலால் அளக்கச் சொல்லி, அதை இடுப்பில் செருகிக்கொண்டார்.

கடைக்காரர் என்னைப் பார்த்து, "அம்மாவுக்கு எப்படியான வீல்செயார் வேணும்?" என்றார்.

"உட்காரப் போறது நான். என்கிட்ட கேளுங்க" என்றார் அத்தை.

ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, அலுமாரிகளுக்கு நடுவே உருட்டித் திருப்பிப் பார்த்தார். ஒன்று நூலைவிட அகலம். இன்னொன்றின் பக்கவாட்டுக் கைப்பிடி கழலவில்லை. அதிலிருந்து கட்டிலுக்குத் தானாக மாற முடியாது என்று தள்ளிவிட்டார். கடைசியில், கைப்பிடியைத் தூக்கிவிடக்கூடிய, பெரிய சில்லு வைத்த ஒன்றில் உட்கார்ந்தவர் எழும்பவே இல்லை. "இதுதான்" என்றார்.

வீட்டில் அண்ணன் குதித்தார். "நான் பார்க்கலைன்னு ஊருக்கே காட்டணுமா உங்களுக்கு?"

"பார்க்கலைன்னு சொல்லல தம்பி. சாமானைத் தூக்கி வைக்கிற மாதிரி வைக்காதன்னுதான் சொல்றேன்."

சொல்லிவிட்டுச் சில்லுகளை உருட்டிக்கொண்டு தன் அறைக்குப் போனார். உள்ளே திரும்பி, கதவைச் சாத்தினார். கால் போன பிறகு அவர் கையால் ஒரு கதவைச் சாத்தியது அன்றைக்குத்தான்.

அண்ணன் எழுந்து, "உள்ளுக்குத் தனியா என்னா செய்றாங்களோ" என்று கதவைத் தள்ளப் போனார். நான் குறுக்கே நின்றேன்.

"தட்டுங்கண்ணே" என்றேன்.

என்னை முறைத்தார். நான் நகரவில்லை. பிறகு தட்டினார்.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது.

"பொறு தம்பி. உடுப்பு மாத்துறேன்."