சீடியில் பாடம், சாட்டில் சந்தேகம்

எதிரே யாருமே கொட்டாவி விடாத வகுப்பு என்று ஒன்று உண்டென்றால், அது காமிராவைப் பார்த்து நடத்துகிற வகுப்புதான். அப்படி நடத்திவிட்டு, கேட்டார்களா தூங்கினார்களா என்று தெரியாமல் தவித்த சக ஆசிரியர்களே, என் கதையையும் கேளுங்கள்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நான் பெரம்பலூரில் ஒரு டுடோரியலில் கணக்கு டீச்சர். எட்டாவதோடு நின்றுபோய், பத்தாவதைத் தனித்தேர்வாக எழுத நினைத்த பெண்கள் பலருக்கு டவுனுக்குத் தினம் வந்துபோக வழியில்லை. அதனால் பாடத்தைச் சீடியில் பதிந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். வாரத்தில் ஒருநாள் அவரவர் பக்கத்து ஊர் நெட் சென்டரில் உட்கார்ந்து, வாய்ஸ் சாட்டில் என்னிடம் சந்தேகம் மட்டும் கேட்கலாம். பாடம் வீட்டில், வீட்டுக்கணக்கு வகுப்பில். "எல்லாம் தலைகீழா இருக்கேம்மா" என்றார் தாளாளர். ஆனாலும் சம்மதித்தார்.

பூ தூவிய தேற்றம்

ஊரில் வீடியோ எடுக்கத் தெரிந்தவர் செல்வம் ஒருவர்தான். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் அவர் கைதான். அவருடைய ஸ்டுடியோவில் நீலத்திரைக்கு முன்னால் ஒரு கரும்பலகையைச் சாய்த்து வைத்து, வட்டமும் தொடுகோடும் நடத்தினேன். ஃபேன் போட்டால் மைக்கில் இரையும் என்று நிறுத்திவிட்டார். வியர்வையில் நனைந்து, விளக்கு வெளிச்சத்தில் கண் கூசி, யாரோ ஒருத்தி பாடம் நடத்துவதை நானே தூரத்திலிருந்து கேட்பதுபோல இருந்தது.

சீடி வந்தது. போட்டுப் பார்த்தேன். வட்டத்தின் மையத்திலிருந்து ஓர் இதயம் விரிந்து, அதற்குள் நான் தோன்றினேன். தேற்றத்தை நிரூபித்து முடித்ததும் வானத்திலிருந்து ரோஜா இதழ்கள் மெல்ல மெல்ல விழுந்து என் தலையில் மறைந்தன. பின்னணியில் நாதஸ்வரம் வேறு. "என்னங்க இது?" என்றேன். செல்வம் கொஞ்சம்கூட அசரவில்லை. "சும்மா போர்டையே காட்டிக்கிட்டு இருந்தா யாரு டீச்சர் உக்காந்து பாப்பாங்க?"

வட்டத்துக்கு உள்ளே

முதல் ஆன்லைன் வகுப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. லப்பைக்குடிக்காட்டிலிருந்து மும்தாஜ், ஜெயங்கொண்டம் நெட் சென்டருக்கு வந்திருந்த தா.பழூர் கொளஞ்சி, பெரம்பலூரில் நான். வெப்காமிராவில் மும்தாஜின் முகம் ஒரு சிரிப்பிலேயே உறைந்து நிற்கும். குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, கேட்ட கேள்விக்குச் சற்று நேரம் கழித்து வந்து சேரும்.

யாரும் கேள்வி கேட்காததால் நான் பழக்க தோஷத்தில் பாடத்தை முதலிலிருந்து நடத்த ஆரம்பித்துவிட்டேன். பாதியில் மும்தாஜ் நிறுத்தினாள். "அதெல்லாம் சீடியில பாத்துட்டேன் டீச்சர். வெளிய இருக்கிற புள்ளியிலேர்ந்து ரெண்டு தொடுகோடு வரையலாம், சரி. புள்ளி வட்டத்துக்கு உள்ள இருந்தா?"

அத்தனை வருஷத்தில் எந்தப் பிள்ளையும் அதைக் கேட்டதில்லை. நான்தான் கேட்க விட்டதில்லை. "உள்ள இருந்தா ஒண்ணுகூட வரைய முடியாதும்மா" என்றேன். வழக்கம்போல மெதுவாக அவள் குரல் வந்து சேர்ந்தது. "அப்ப மொதல்ல வெளிய வரணும். சரிங்க டீச்சர்."

தெருவெல்லாம் என் குரல்

கொளஞ்சி வீட்டில் சீடி பிளேயர் கிடையாது. அவள் தன் சீடியைக் கேபிள்காரரிடம் கொடுத்து, உள்ளூர் சேனலில் மத்தியானப் படத்துக்கு முன்னால் போடச் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது தெரியாது.

அவளைப் பார்க்க ஒருநாள் தா.பழூர் போனேன். நடவு முடிந்த வயல்களைத் தாண்டித் தெருவுக்குள் நுழைந்தால், முதல் வீட்டில் நான் பேசுகிறேன். அடுத்த வீட்டிலும் பேசுகிறேன். நடக்க நடக்க ஒரே வாக்கியம் வீடு வீடாக என்னோடு கூடவே வந்தது. வெயிலில் கால் தரையில் பாவவில்லை. ஒரு வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, உள்ளே டிவியைப் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்தார். "நீங்க திரும்பி நின்னு எழுதயில ஜடை ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. கணக்குதான் ஒண்ணும் வெளங்கல."

தம்மாமிலிருந்து ஒரு மாணவர்

ஒரு வகுப்பில் மும்தாஜ் கணக்கே கேட்கவில்லை. "இந்த வாரத்தோட நிறுத்தச் சொல்றாங்க டீச்சர்" என்றாள். அவள் கணவர் ரஹீம் சவூதியில், தம்மாமில் டிரைவர். வாராவாரம் நெட் சென்டரில் அவளுக்கு என்ன வேலை என்று ஊரிலிருந்து யாரோ அவரிடம் போனில் கேட்டிருக்கிறார்கள். "அவரையும் வகுப்புக்கு வரச் சொல்லும்மா" என்றேன். அவருக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. வகுப்பை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினேன். கொளஞ்சி வயல் வேலையை விட்டுவிட்டு வந்தாள்.

ரஹீம் சலாம் சொன்னதோடு சரி. அவர் பக்கத்திலிருந்து ஏசி இரைவது மட்டும் கடல்போலக் கேட்டுக்கொண்டிருந்தது. இன்றைக்கு நான் சொதப்பினால் அவள் படிப்பு போய்விடும். ஆரம் ஐந்து, மையத்திலிருந்து புள்ளி பதின்மூன்று தூரம், தொடுகோட்டின் நீளம் என்ன என்று கேட்டேன். அத்தனை தூரத்திலிருந்து ஒரு குரல்: "எட்டுங்களா?"

மும்தாஜ் சிரித்துவிட்டாள். "கழிக்கக் கூடாது மச்சான். அங்க ஒரு செங்கோண முக்கோணம் இருக்கு பாருங்க, பன்னெண்டு வரும்" என்று ஆரம்பித்து, முழுக்கணக்கையும் அவளே நடத்தினாள். நான் வாயைத் திறக்கவில்லை. முடித்ததும் ரஹீம் தொண்டையைச் செருமினார். "நானும் எட்டாவதுதான் டீச்சர். அந்தச் சீடி எனக்கு ஒண்ணு அனுப்புங்க. இவ சொல்லிக் குடுத்தா கோவம் வருது, நீங்க சொன்னா வராது."

நேரில்

பெரம்பலூரில் தேர்வு நடந்த பள்ளி வாசலில்தான் மும்தாஜை முதன்முதலாக நேரில் பார்த்தேன். என்னைவிட உயரம். திரையில் உறைந்த சிரிப்பையே பார்த்திருந்ததால், குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. பதற்றத்தில் நான் சூத்திரங்களை மளமளவென்று ஒப்பிக்க, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நேர்ல ரொம்ப வேகமா பேசுறீங்க டீச்சர். நிறுத்தி நிறுத்திக் கேக்க முடியல."

கொளஞ்சி எல்லாப் பாடத்திலும் தேறினாள். மும்தாஜ் கணக்கில் நல்ல மார்க், இங்கிலீஷில் போய்விட்டது. அடுத்த தடவை எழுதி அதையும் முடித்தாள்.

டீச்சர் வாயை மூடிய பிறகுதான் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பது நம் எல்லாருக்கும் உள்ளூரத் தெரியும்; அதற்குப் பூத்தூவி, நாதஸ்வரம் வைத்து ஆதாரம் தயாரித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.