பொரி போட்ட அண்ணன்

என் கல்யாணத்தில் அண்ணனாக நின்று என் கையில் பொரி போட்டவர், நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவர். இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. நம்புகிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கென்ன.

காஞ்சிபுரத்தில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வீட்டுப் பெயர் உண்டு. இரண்டு குடும்பத்துக்கு ஒரே வீட்டுப் பெயர் என்றால் அவர்கள் பங்காளிகள். அந்த வீட்டுப் பையனும் இந்த வீட்டுப் பெண்ணும் அண்ணன் தங்கை. முன்பின் பார்த்திருக்க வேண்டாம், பெயர் போதும். நாங்கள் சின்ன காஞ்சிபுரம், அவர் ஓரிக்கை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டைப்ரைட்டிங் வகுப்பில் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்தார். இரண்டு வீட்டுக்கும் ஒரே பெயர் என்று பேச்சுவாக்கில் தெரியவந்தபோது மனசு போய்விட்டிருந்தது. போன மனசை எப்படித் திருப்பிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஆறியிருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டார்.

"கூடப் பொறந்தவன கட்டிக்கினு வந்து நிப்பியா? ஊரு காறித் துப்பும்."

"அவுங்க யாரோ, நாம யாரோ நைனா. எந்தக் காலத்துப் பங்காளி?"

"வூட்டுப் பேரு ஒண்ணா இருக்குது இல்ல? அப்போ ரத்தமும் ஒண்ணுதான்."

அடுத்த முகூர்த்தத்துக்கே தென்னேரிப் பக்கம் மாப்பிள்ளை பார்த்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். தெருவில் பேச்சு கிளம்பிவிட்டிருந்ததால் நைனா ஒரு வேலை செய்தார். என் தம்பி அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். "சின்னப் பையன் பொரி போட்டா நல்லா இருக்காது, பங்காளி வூட்டுல பெரிய அண்ணன் இருக்கான்" என்று சொல்லி, ஓரிக்கைக்கே போய் அவரை முறையாக அழைத்துவிட்டு வந்தார். வராமல் இருந்தால் தெருப் பேச்சு உண்மை என்று ஆகிவிடும். வந்தார். அக்னிக்கு முன்னால், விரல்கூட மேலே படாமல் என் கையில் பொரியைப் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஊர் வாய் மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள்கொத்தும் வேறு கொண்டுவந்தார். அண்ணன் சீர்! கரும்பைச் சுவரில் சாத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு, "நல்லா இருக்கியாம்மா" என்பார். நான் தலையாட்டுவேன். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கரும்பை வெட்டும்போதெல்லாம் எனக்கு நைனாவின் ஞாபகம்தான் வரும்.

வருஷங்கள் ஓடின. தம்பி கம்ப்யூட்டர் படித்து, சென்னையில் வேலை பார்த்து, அமெரிக்கா போனான். போவதற்கு முன்னால் சென்னையில் அவன் மனசு எங்கே போய் விழுந்தது என்கிறீர்கள்? ஓரிக்கைக்காரரின் கடைசித் தங்கைமேல். கட்டினால் அவளைத்தான், இல்லையென்றால் ஊர்ப்பக்கமே வரமாட்டேன் என்றான். ஒரே ஆண்பிள்ளை. நைனா இந்த முறை தட்டைத் தள்ளவில்லை.

"வேற வழி எதுனா இருக்குதா பாருப்பா" என்றார்.

வழி இருந்தது. ஒரு வீட்டுப் பெயர் எங்கிருந்து வந்தது, அதைச் சுமக்கிறவர்கள் ஒரே வம்சம்தானா என்று டி.என்.ஏ.வை வைத்துக் கண்டுபிடித்துவிடலாமாம். லீவில் வந்தபோது தம்பி அதற்கான குச்சிகளைக் கொண்டுவந்தான். எங்கள் வீட்டுக் கூடத்தில் நைனாவும் ஓரிக்கைக்காரரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்கள். கன்னத்தின் உள்பக்கம் குச்சியால் தேய்த்து எடுத்தான்.

"எனக்கும் ஒண்ணு குடு" என்றேன்.

"பொம்பளைங்களுக்கு அந்த ஒய் குரோமோசோம் கெடையாதுக்கா. அப்பங்கிட்டேருந்து புள்ளைக்கு மட்டும்தான் போவும்."

வாய் கொப்பளிக்க இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். எனக்கு இருந்த வேலை அதுதான்.

தம்பி திரும்பிப் போய் முடிவைப் போனில் சொன்னபோது நான் பிறந்த வீட்டில் இருந்தேன். "ரெண்டும் ஒட்டவே இல்ல நைனா. ஆந்திரால ஒரே ஊர்லேருந்து கெளம்பின ரெண்டு கூட்டம், ஆளுக்காளு அந்த ஊர் பேர வெச்சுக்கினு இருந்திருக்கும். ரத்த சம்பந்தம் கெடையாது."

நைனாவுக்கு முகமெல்லாம் பல். "எனக்கு அப்பவே சந்தேகம்தான். அவுங்க முகவெட்டே வேற" என்றார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு மாமியார்கூடத் தேவைப்படவில்லை, மகனும் மகளும் போதும்.

"அப்போ எனக்கு ஏன் நைனா அப்படிப் பண்ணே?" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை கேட்டேன்.

"அப்போ இந்த டெஸ்டெல்லாம் எங்கம்மா இருந்துது?" என்று சொல்லிவிட்டு, ஓரிக்கைக்குப் பெண் கேட்டுப் போகச் சட்டையை எடுத்தார். அப்பவே சந்தேகம் இருந்ததென்றால் டெஸ்ட் எதற்கு என்று நான் கேட்பதற்குள் தெருவில் இறங்கிவிட்டார்.

கல்யாணத்தில் நாத்தனார் என்று என்னைத்தான் மணப்பெண்ணுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். தாலிக்கு முடிச்சுப் போட்டேன். அவர் தன் தங்கையின் கையில் பொரி போட்டார். சந்தோஷத்தில் நைனா ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்: "பாரும்மா, முறை மாறிப்போச்சு! இனிமே அவன அண்ணான்னு கூப்புடாத. உனக்குக் கட்டிக்கிற முறை!"

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

"நான் ஒருநாளும் அப்படிக் கூப்புட்டது இல்லியே நைனா" என்றேன்.

பொரித்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.