பூசையில் இருந்த வீல் ஸ்பேனர்

சரஸ்வதி பூசைக்கு மறுநாள் பாடசாலை இருந்தால் எங்கள் றப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். புத்தகங்கள் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் இருக்கும். மறு பூசை முடியும்வரை தொடக்கூடாது. வெறும் பையோடு இரத்தினபுரி டவுன் பாடசாலைக்குப் போவதில் என் மகள் காட்டிய பக்தியை வேறு எந்த நாளிலும் நான் கண்டதில்லை.

அந்த வருடம் அவளுடைய பாடசாலையில் பெற்றோர் கூட்டமும் அதே நாளில் வந்தது. தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் நான் லீவு போட்டுவிட்டு, அவள் போகும் வேனிலேயே முன் சீட்டில் ஏறினேன். மகளுக்குப் பதினான்கு வயது. என்னை முன்பின் தெரியாதவள் போலக் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

வேன் மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தது. கண்ணாடியில் பாதி சந்தனம், முன்னால் செவ்வந்தி மாலை, நான்கு சக்கரத்துக்கும் புதிதாக வெள்ளிப் பெயின்ட். சாரதி எங்கள் தோட்டத்துக்காரர்தான். பெயின்ட் அடித்தது தானே என்று பெருமையாகச் சொன்னார். கழுவிய வேன் நன்றாக ஓடும் என்று நம்புகிற ஆள்.

றப்பர் மலையை விட்டு இறக்கம் தொடங்கியபோது பின்னாலிருந்து டக் டக் என்று கேட்டது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எந்தச் சத்தத்தையும் சும்மா விட முடியாது. என்ன சத்தம் என்று கேட்டேன். மாலை அடிபடுகிறது என்றார் சாரதி. மாலை முன்னால் அல்லவா இருக்கிறது என்றேன். ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். அடுத்த வளைவில் வேனே ஒரு பக்கமாக ஆடியது. நிறுத்தாவிட்டால் கதவைத் திறந்து குதிப்பேன் என்று நான் சொன்னதாக மகள் பின்பு வீட்டில் சொன்னாள். எனக்கு அது நினைவில்லை.

வேன் நின்றதும் இறங்கிப் பார்த்தேன். இடது பக்கப் பின்சக்கரம். ஐந்து நட்டும் இருந்தன. ஒன்றைத் தொட்டேன், போத்தல் மூடி போலச் சுழன்றது. என் பிள்ளையையும் இன்னும் ஒன்பது பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, கீழே ஆறு தெரியும் பாதையில், விரலால் திருகிய நட்டோடு வந்திருக்கிறோம். பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஸ்பேனர எடுங்க" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "அது பூசையில இருக்குங்க டீச்சர்."

மெல்ல மெல்லக் கதை வெளியே வந்தது. முதல் நாள் சக்கரங்களைக் கழற்றிப் பெயின்ட் அடித்து, காய்ந்த பிறகு மூன்றை மாட்டி முறையாக இறுக்கியிருக்கிறார். நான்காவதை மாட்டி நட்டுகளைக் கையால் திருகி ஜாக்கியை இறக்கியதும், அவருடைய மனைவி ஸ்பேனரையும் ஜாக்கியையும் எடுத்துப் புளி போட்டுக் கழுவி, பொட்டு வைத்து, சாமி முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். காலையில் கேட்டதற்கு, மறு பூசைக்கு நல்ல நேரம் பத்து மணிக்குத்தான் என்று சொல்லிவிட்டாராம்.

"மெதுவா போனா தாங்கும்னு நெனச்சேங்க" என்றார்.

நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. பிள்ளைகள் எல்லோரும் கேட்டார்கள். டீச்சருக்கு அந்த வார்த்தைகள் தெரியும் என்பது பல நாள் தோட்டத்தில் பேச்சாக இருந்தது.

அந்த வழியாகத் துணி விற்கப் போகும் முஸ்லிம் வியாபாரி ஒருவரின் வேன் வந்தது. கையைக் காட்டி நிறுத்தினேன். அவரிடம் ஜாக்கியும், சிலுவை போல நான்கு கை உள்ள ஸ்பேனரும் இருந்தன. எங்கள் சாரதி அதைக் கையில் வாங்காமல் நின்றார். இன்றைக்கு ஆயுதம் தொடலாமா என்று யோசனை.

வியாபாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "எங்கட ஸ்பேனருக்கு இன்டைக்கு லீவில்ல தம்பி. புடிங்க."

இரவல் ஸ்பேனரில் குற்றம் இல்லை என்று முடிவானது. பிள்ளைகள் எல்லோரையும் கல்லுப் பக்கமாக நிறுத்தினேன். சக்கரத்தைத் தூக்கி, ஒரு நட்டை இறுக்கினால் அடுத்து அதற்கு எதிரே உள்ளது என்று மாறி மாறி இறுக்கினார் சாரதி. ஜாக்கியை இறக்கிச் சக்கரம் தரையில் பதிந்த பிறகு மறுபடியும் ஒரு சுற்று, இம்முறை முழுப் பலத்தோடு. நான் குனிந்து நின்று ஒவ்வொன்றுக்கும் "இன்னும்" என்றேன்.

"இதுக்கு மேல திருகுனா போல்ட்டு ஒடைஞ்சிருங்க டீச்சர்" என்றார்.

உடைந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். வியாபாரி ஸ்பேனரைச் சட்டென்று வாங்கித் தன் வேனில் போட்டுக்கொண்டார்.

புதுப் பெயின்ட் நசுங்கி நட்டு தளரலாம், கொஞ்ச தூரம் போய்த் திரும்பப் பார்க்கவேண்டும் என்று சாரதியே சொல்லிவிட்டார். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஸ்பேனரோடு எங்களுக்கு முன்னால் போகும்படி வியாபாரியைக் கெஞ்சினேன். பாவம், அவரும் போனார். டவுன் போய்ச் சேர்வதற்குள் மூன்று இடத்தில் நிறுத்தி நட்டுகளைப் பார்க்கவைத்தேன்.

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் மகள். காலையிலிருந்து அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை.

கூட்டத்தில் வகுப்பாசிரியை அவளுடைய கணக்கைப் பற்றி என்னவோ சொன்னார். என் விரல்கள் மடியில் எதையோ திருகிக்கொண்டிருந்தன. இன்றைக்கும் வேனில் ஏறினால் அவை அப்படித்தான்.

பின்னேரம் திரும்பும்போது, ஏற்றம் தொடங்குமுன் நான் வாயைத் திறப்பதற்குள் மகளே வேனை நிறுத்தச் சொன்னாள். இறங்கிப்போய்ப் பின்சக்கரத்தின் நட்டுகளைப் பிடித்துத் திருகிப் பார்த்தாள். பிறகு என் ஜன்னலுக்கு வந்து, உரிந்த வெள்ளிப் பெயின்ட் ஒட்டிய கையைக் காட்டினாள்.

"ஆடலம்மா. இனி பேசாம உக்காருங்க."

உட்கார்ந்தேன். வேன் நகர்ந்தது. அவள் பார்த்தது ஒரு சக்கரத்தைத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. மறுபடியும் நிறுத்தச் சொல்லி, மற்ற மூன்றையும் நானே இறங்கிப் பார்த்துவிட்டு ஏறினேன்.