போர்வைக்கு அடித்த புல்தைலம்

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பேருந்து கம்பெனியில் பட்டப்பெயர் மூக்கர். மூக்கு ஒன்றும் பெரியதில்லை. ஆனால் வண்டி ஷெட்டுக்குள் நுழையும்போதே, "கடைசி சீட்டுல யாரோ வாந்தி எடுத்திருக்காங்க" என்பார். கிளீனர் போய்ப் பார்த்தால் இருக்கும்.

படுக்கை வசதி உள்ள ஏசி பஸ்களின் போர்வைகள் அவர் பொறுப்பு. நான் அதே கம்பெனியின் கவுன்டரில் உட்கார்ந்து டிக்கெட் கொடுப்பவன். என் நாற்காலிக்குப் பின்னால்தான் போர்வை அறை. சாப்பிட்ட கையோடு அந்தப் பக்கம் நான் போகவே மாட்டேன். காலையில் பஸ்கள் வந்து சேர்ந்ததும் போர்வைகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து தரையில் கொட்டுவார்கள். மாமா ஒவ்வொன்றாக விரித்து உதறுவார். தலைமுடி கொட்டும், பிஸ்கட் தூள் கொட்டும். காய்ந்த சளி பொருக்காக ஒட்டியிருக்கும். ஒருமுறை யாரோ நிதானமாக உட்கார்ந்து வெட்டிய கால் நகங்கள் அவ்வளவும் விழுந்தன. வாந்தி பட்டது மட்டும் சலவைக்குப் போகும். மற்றதெல்லாம் மடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, சாயங்காலம் மறுபடி பஸ்ஸில் ஏறிவிடும்.

"இதையெல்லாம் துவைக்கவே மாட்டாங்களா மாமா?" என்று கேட்டேன்.

"துவைப்பாங்க. மழை பெஞ்சு பஸ் ஒழுகினா."

நாற்றம் தாங்காமல் பயணிகள் புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். முதலாளி ஒருநாள் கையில் ஒரு டின்னோடு வந்தார். எலுமிச்சைப்புல்லிலிருந்து எடுத்த தைலம்.

"இது சாதாரண எண்ணெய் இல்லைய்யா. கிருமி சாகும், கொசு கிட்ட வராது, தலைவலி விட்டுப்போகும், மனசுக்கும் நல்லதாம். தண்ணியில ஊத்தி எல்லாத்து மேலயும் அடிச்சு விடு" என்றார்.

"அழுக்கு போகுமா முதலாளி?"

முதலாளி மாமாவை முறைத்துப் பார்த்தார். "வாசனை வரும்ல? போதும்."

வாசனை வந்தது. கீழே இருந்த நாற்றமும் போகவில்லை. எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் கக்கூஸில் வைத்தது மாதிரி இரண்டும் கலந்து என் மேஜை வரைக்கும் அடித்தது. ஆனால் ஏசி குளிரில் பயணிகளுக்கு மேல்வாசனை மட்டும்தான் தெரிந்ததுபோல. ஒரு அம்மா என்னிடம் வந்து, "உங்க போர்வைக்கு என்ன சோப்பு போடறீங்க? அவ்வளவு சுத்தமா இருக்கு" என்று கேட்டார். பின்னால் மாமா குழாயடிக்குப் போய்க் காறித் துப்பும் சத்தம் கேட்டது.

முதலாளி எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு சின்ன பாட்டில் இனாமாகக் கொடுத்திருந்தார். வீட்டில் அக்காவுக்கு அது பிடித்துப்போனது. தரை துடைக்கும் வாளியில் சில சொட்டு விட்டாள். எறும்பு வரிசை காணாமல் போனது. தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் கலந்து முழங்காலில் தேய்த்தாள். வலி குறைந்தது என்றாள். மாமாவுக்கோ அந்த வாசனை வந்தால் சோறு இறங்கவில்லை.

"அந்தக் கருமத்தைத் தூக்கி வெளிய போடு."

"எண்ணெய் என்ன பாவம் பண்ணுச்சு? இப்பதான் என் கால் மடங்குது."

"உனக்கு அது எண்ணெய். எனக்கு அது ஊர்ல இருக்கறவன் எச்சில்."

அந்தச் சமயத்தில்தான் வெளியூரில் படிக்கும் அவர்கள் மகள் விடுமுறைக்கு வந்தாள். எங்கள் கம்பெனி பஸ்ஸில்தான் வந்தாள். "நம்ம பஸ்தானேன்னு போர்வையை மூக்கு வரைக்கும் இழுத்துப் போத்திக்கிட்டு அசந்து தூங்கினேன்ப்பா. என்ன வாசனை!" என்றாள்.

மாமாவின் கையில் காபி டம்ளர் அப்படியே நின்றது. "போய்க் குளி" என்றார்.

"காபி குடிச்சிட்டுப் போறேன்ப்பா."

"முதல்ல குளின்னு சொல்றேன்ல!"

குளித்தும் பயனில்லை. சாயங்காலத்துக்குள் கழுத்தும் தாடையும் சிவந்து தடித்துவிட்டன. தண்ணீரில் எண்ணெய் கலக்காதில்லையா? அடிக்கும்போது அது அங்கங்கே திட்டுத்திட்டாகப் போர்வையில் விழுந்திருக்கிறது. டாக்டர் களிம்பு எழுதிக்கொடுத்துவிட்டு, "இந்த மாதிரி தைலத்தை வேற எண்ணெய்ல கலக்காம தோல்ல படவிடக் கூடாது. அழுக்குத் துணி வேற. எந்த மடையன் இப்படிப் பண்ணினான்?" என்றார். மாமா வீட்டுக்கு வந்து கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தார்.

மறுநாள் அவர் எப்போதும்போல உதறினார், மடித்தார், உறையில் போட்டார். தைலம் மட்டும் அடிக்கவில்லை.

சாயங்காலம் பஸ் புறப்படுவதற்குள் என் ஜன்னல் முன்னால் கூட்டம் கூடிவிட்டது. ஆளாளுக்குப் போர்வையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார்கள். "இதை நாய்க்கா போத்தி வச்சிருந்தீங்க?" என்று ஒருவர் என் மேஜை மேலேயே எறிந்தார். உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி ஓடிவந்தார்.

"ஏன்யா, தைலம் அடிக்கலையா?"

"அடிச்சா நாத்தம் தெரியாது முதலாளி. தெரியட்டும்னுதான் விட்டுட்டேன்."

"வேலை போயிடும், பாத்துக்க."

மாமா என் மேஜையில் கிடந்த போர்வையை எடுத்து விரித்தார். நடுவில் பழுப்பாக ஒரு பெரிய கறை. "நீங்க இதை ஒரு தடவை போத்திக்கிட்டு நில்லுங்க. நான் இப்பவே போயிடறேன்" என்று நீட்டினார்.

முதலாளி இரண்டடி பின்னால் போனார். கை தானாக மூக்குக்குப் போனது. அதை அத்தனை பயணிகளும் பார்த்தார்கள். யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அன்றைக்குப் போர்வை இல்லாமலேயே, ஏசியைக் குறைத்துக்கொண்டு பஸ் போனது.

வாரக் கடைசியில் சலவைக்காரர் ஒருவரை ஏற்பாடு செய்தார்கள். முதல் மூட்டையை ஊறப்போட்ட தண்ணீர் மைபோல வந்தது என்று அவர் போன் பண்ணித் திட்டினார். மாமாவின் வேலை போகவில்லை. முதலாளி அவரோடு முகம் கொடுத்துப் பேசுவது மட்டும் நின்றது; அதை மாமா ஒரு நஷ்டமாக நினைக்கவில்லை. துவைத்து வரும் போர்வைகளையும் முகர்ந்து பார்த்துத்தான் உறையில் போடுகிறார். பாதிக்குப் பாதி திருப்பி அனுப்புகிறார்.

மகளுக்குக் கழுத்து ஆற நாளானது. விடுமுறை முடிந்ததும் ரயிலில்தான் போனாள். மாமாவே போய் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்து வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.